ஃபிஷர் தேடிய மரபணு

புகைப்பழக்கம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் யாரேனும் ஒருவர் தம் பாட்டனாரைச் சாட்சிக்கு அழைப்பார். "எங்கள் தாத்தா தொண்ணூறு வயது வரை சுருட்டுக் குடித்தார், நோயென்று ஒருநாள் படுத்ததில்லை" என்பார். இதனை அறியாமை என்று எளிதில் ஒதுக்கிவிட முடியாது. புள்ளியியலின் தந்தையருள் ஒருவராகிய ரொனால்ட் ஃபிஷரே இதற்கு நெருங்கிய வாதம் ஒன்றை முன்வைத்தவர்தாம்.

1950-இல் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் என்னும் இருவர் இலண்டன் மருத்துவமனைகளில் நடத்திய ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் புற்றுநோய் கொண்ட ஆண்கள் 649 பேர். அவர்களுள் புகைக்காதவர் இருவர் மட்டுமே. ஒப்பிட எடுத்துக்கொண்ட பிற நோயாளிகள் 649 பேருள் புகைக்காதவர் 27 பேர். அடுத்த ஆண்டே பிரிட்டனின் மருத்துவர்களுக்கெல்லாம் கடிதம் எழுதி, அவர்களுடைய பழக்கத்தைக் குறித்துக்கொண்டு, அவர்களுக்கு நேர்வதைக் கவனிக்கத் தொடங்கினர். அங்கும் அதே முடிவு.

ஃபிஷர் ஏற்கவில்லை. அவர் பைப் பிடிப்பவர். புகையிலை உற்பத்தியாளர் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார். ஆயினும் அவரது மறுப்பை விலைக்கு வாங்கிய குரல் என்று மட்டும் கொள்வது நேர்மையாகாது. மெண்டலின் மரபியலையும் டார்வினின் கொள்கையையும் இணைத்த பெருமக்களுள் அவர் ஒருவர். இரண்டு சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை நன்கறிந்தவர். மனிதரைப் புகையின்பால் இழுக்கும் மரபணுவே அவருக்குப் புற்றையும் கொணரலாகாதா என்று 1957, 1958 ஆண்டுகளில் வினவினார். ஒற்றைக் கருவில் தோன்றிய இரட்டையர், இரு கருவில் தோன்றிய இரட்டையரைவிடப் புகைப்பழக்கத்தில் ஒத்திருப்பதைச் சான்றாகக் காட்டினார்.

விடை 1959-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. புகைப்பவர்க்கு ஆபத்து ஒன்பது மடங்கு என்றால், அதற்குக் காரணமாகச் சொல்லப்படும் மறைபொருளும் அவர்களிடையே குறைந்தது ஒன்பது மடங்கு மிகுந்திருக்க வேண்டும் என்று ஜெரோம் கார்ன்ஃபீல்டும் அவருடைய தோழர்களும் கணக்கிட்டுக் காட்டினர். அத்தகைய மரபணு எங்கே? சில பத்தாண்டுகளுக்குள் நோய் இவ்வளவு பெருகியதற்கும், புகையை விட்டவர்க்கு ஆபத்து குறைவதற்கும் மரபணு எவ்வாறு விளக்கம் தரும்? 1962-இல் ஃபிஷர் மறைந்தார். தம் கருத்தை அவர் கைவிடவில்லை.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இதனை எழுத வேண்டியதில்லை. 2008-இல் மூன்று ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே தேடி ஒரே இடத்தை வந்தடைந்தன. பதினைந்தாம் குரோமோசோமில், நிகோடின் வந்து பற்றும் ஏற்பிகளை ஆக்கும் மரபணுக்கள் உள்ள பகுதி அது. அங்கே குறிப்பிட்ட ஒரு மாறுபாட்டை உடையவர் புகைக்கத் தொடங்கினால் நாளொன்றுக்கு மிகுதியாகப் புகைக்கின்றார். அவருக்கு நுரையீரல் புற்று வரும் வாய்ப்பும் மிகுகின்றது. புகையையும் புற்றையும் ஒருங்கே தொடும் மரபணு! ஃபிஷர் ஊகித்தது இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அளவைப் பாருங்கள். அம்மாறுபாட்டின் ஒரு படி கூட்டும் ஆபத்து ஏறத்தாழ 30 விழுக்காடு. புகையோ ஆபத்தைப் பத்து மடங்குக்கும் மேலாக்குகிறது. புகையையே தொடாதவரிடம் அம்மாறுபாட்டின் விளைவு தெளிவாகத் தென்படுவதுமில்லை. ஃபிஷர் துணைக்கழைத்த இரட்டையரும் அவரைக் கைவிட்டனர். வடஐரோப்பிய இரட்டையரைப் பற்றி 2017-இல் வெளிவந்த ஆய்வில், ஒற்றைக் கரு இரட்டையருள் ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத இணைகளில், புகைத்தவர்க்கு நுரையீரல் புற்றின் ஆபத்து ஐந்து மடங்குக்கும் மேலாக இருந்தது. மரபணு ஒன்றே, விளைவு வேறு.

மரபுக்கு இதில் பங்கில்லை என்பதன்று நம் முடிவு. புகைக்காத ஆசியப் பெண்கள் சுமார் 14,000 பேரை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட முடிவுகள், அவர்களுடைய நோயோடு தொடர்புடைய வேறு மரபணு இடங்களைக் காட்டின. புகைத்தே அறியாத ஒருவருக்கு இந்நோய் வந்தால் "எங்கேனும் ஒளிந்து புகைத்திருப்பார்" என்று பழிப்பது பெருங்கொடுமை. மரபின் பங்கை அறிதல் அத்தகையோர்க்கு ஆறுதலும் மருத்துவத்துக்கு வழிகாட்டியுமாகும்.

வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிக்கவில்லை. மரபணுவை நாம் தேர்ந்துகொள்வதில்லை. பழக்கத்தை மாற்றிக்கொள்ள இயலும். டால் தொடங்கிய மருத்துவர் ஆய்வின் ஐம்பதாண்டு முடிவு 2004-இல் வந்தது. தொடர்ந்து புகைத்தவர் சராசரியாகப் பத்தாண்டு ஆயுளை இழந்தனர். ஐம்பது வயதில் விட்டவர் ஆறு ஆண்டுகளை மீட்டுக்கொண்டனர்.

இனி அந்தப் பாட்டனார். பிரிட்டனில் விடாது புகைத்த ஆண்களுள் 75 வயதுக்குள் நுரையீரல் புற்றால் இறப்பவர் ஏறத்தாழ 16 விழுக்காட்டினர் என்று 2000-இல் கணக்கிட்டனர். ஆக, அந்நோய்க்குத் தப்பியவரே மிகுதி, பாட்டனார் பொய்ச்சாட்சியல்லர். ஆனால் தப்பியவர் மட்டுமே நம் திண்ணையில் அமர்ந்து கதை சொல்கின்றார். மாரடைப்பிலும் மூச்சுத்திணறலிலும் ஐம்பதில் போனவர் எந்தப் பேரனுக்கும் சான்றாக வருவதில்லை.