நாற்பக்கல்களை வகுத்த வரலாறு

நான்கு பனஞ்சலாகைகளைச் சம நீளமாக வெட்டி, முனைக்கு முனை ஒவ்வோர் ஆணி அறைந்து ஒரு சட்டமாக்குக. அது சதுரமாக நிற்கும். ஒரு மூலையைச் சற்றே தள்ளினால் சதுரம் சாய்ந்துவிடும். இன்னும் தள்ளினால் ஒடுங்கி ஒடுங்கி ஈற்றில் நான்கு சலாகைகளும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துவிடும். பக்கங்களின் நீளம் மயிரிழையும் மாறவில்லை. உருவமோ மாறிற்று, உள்ளடங்கிய பரப்பு முழுதும் போயிற்று. மூன்று சலாகைகளால் ஆகிய முக்கோணியை இவ்வாறு அசைக்க இயலாது. முக்கோணிக்குப் பக்கங்களே உருவத்தைத் தந்துவிடுகின்றன. நாற்பக்கலுக்கு அவை போதா.

இத்துணைச் சிறிய உண்மையை மனிதகுலம் தெளிவாக எடுத்துச்சொல்ல நெடுங்காலம் பிடித்தது. நாற்பக்கல்களை வகுத்துப் பெயரிட்ட வரலாறு, பக்கத்தைக் கொண்டு வகுப்பதா, கோணத்தைக் கொண்டு வகுப்பதா என்ற வழக்கின் வரலாறே ஆகும். அவ்வழக்கிலே நம் முன்னோருக்கும் பெரும் பங்குண்டு.

எகிப்து நாட்டிலே எட்பூ என்னுமிடத்தில் கி. மு. 237இல் கட்டத் தொடங்கிய ஹோரசு கோயிலின் சுவர்களில், கோயிலுக்கு அளிக்கப்பெற்ற வயல்களின் பட்டியல் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வயலுக்கும் நான்கு பக்க அளவும் பரப்பும் உண்டு. எதிர்ப்பக்கங்கள் இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி, மற்றை இரண்டையும் அவ்வாறே செய்து, இரு பாதிகளையும் பெருக்கினர். முக்கோண வயல் வந்தால் நாலாம் பக்கத்துக்கு ‘இல்லை’ என்று எழுதி அதே கணக்கைப் போட்டனர்! செவ்வகத்துக்கு இம்முறை சரி. வேறெந்த நாற்பக்கலுக்கும் அது உண்மையிலும் கூடிய விடையையே தரும். ஒருபோதும் குறைத்துத் தராது. இப்படி அளந்த நிலத்துக்கு இறை செலுத்துபவன் தன்னிடம் இல்லாத மண்ணுக்கும் சேர்த்தே கொடுப்பான்.

கிரேக்கர் வேறு வழியிற் சென்றனர். யூக்கிளிட்டு கி. மு. 300ஐ ஒட்டி எழுதிய ‘மூலகங்கள்’ முதற் புத்தகத்தின் 22ஆம் வரைவிலக்கணம் நாற்பக்கல்களைப் பற்றியது. அவர் இரண்டு வினாக்களையே கேட்கிறார்: பக்கங்கள் சமமா? கோணங்கள் செங்கோணமா? இரண்டும் ஆம் எனிற் சதுரம். கோணம் மட்டும் செங்கோணம் எனில் நீள்சதுரம். பக்கம் மட்டும் சமம் எனிற் சாய்சதுரம். இரண்டும் இல்லை, ஆயின் எதிர்ப்பக்கங்களும் எதிர்க்கோணங்களும் சமம் எனில் அது சாய்சதுரப் போலி. எஞ்சிய எல்லாவற்றையும் ‘திரபீசியம்’ என்ற ஒரே சாக்கிற் கட்டிப் போட்டுவிட்டார்.

இதில் இரண்டு செய்திகளைக் கவனிக்க வேண்டும். யூக்கிளிட்டின் கணக்கிற் சதுரம் நீள்சதுரமன்று. ஒரு வகுப்பைச் சேர்ந்தது மற்றொன்றைச் சேராது. இன்றைய பாடநூலோ சதுரமும் ஒரு செவ்வகமே என்கிறது. செவ்வகத்துக்கு நிறுவியதைச் சதுரத்துக்கு மறுபடியும் நிறுவவேண்டியதில்லையே என்ற சிக்கனமே அதற்குக் காரணம். இதைத் தம்பி தங்கையர் வீட்டிலே சொன்னால் முகஞ்சுளிக்கும் பெரியோர் உளர். யூக்கிளிட்டு பெரியோர் பக்கம் என்பது அவர்களுக்கு ஆறுதலாகலாம்.

மற்றைய செய்தி இன்னும் சுவையானது. சமாந்தரக் கோடுகளுக்கு யூக்கிளிட்டு விளக்கம் தருவது அடுத்த வரைவிலக்கணத்தில், அதாவது 23ஆவதில். ஆகையால் 22இல் அவர் சமாந்தரத்தைப் பற்றிப் பேசவே முடியாது. ஆனால் நூல் வளர வளர அவருக்கு வேண்டியிருந்தது இணைகரமே. முதற் புத்தகத்தின் 34ஆம் கூற்றிலிருந்து அதையே எடுத்தாள்கிறார். அதற்கு வரைவிலக்கணம் எங்கும் இல்லை. வரைவிலக்கணம் பெற்ற சாய்சதுரப் போலியோ பின்னர் எட்டிப்பார்ப்பதேயில்லை. பழைய நூலொன்றிலிருந்து அப்பட்டியலை அவர் அப்படியே எடுத்து வைத்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. மிஷன் பாடசாலையில் யூக்கிளிட்டை ஏறத்தாழ வேதம்போல் ஓதிய எம்போன்றோருக்கு, அவர் வீட்டிலும் ஒழுங்குபடாத அறை ஒன்று இருந்ததென்பது மகிழ்ச்சி தருகிறது.

அவ்வறையை ஒழுங்குசெய்த பெருமை பொசிடோனியருக்கு உரியது என்பர். கி. பி. ஐந்தாம் நூற்றாண்டிலே யூக்கிளிட்டுக்கு உரை வரைந்த புரோக்குளசு அவர் பெயராற் கூறும் வகுப்பில் ஏழு வகைகள் உள. சமாந்தரமே அங்கு முதல் வினா. இரு சோடி சமாந்தரமாயின் இணைகரம். அதன் கீழே சதுரம் முதலிய நான்கு. ஒரு சோடி மட்டும் சமாந்தரமாயின் திரபீசியம். அது சமபக்கமுடையது, இல்லாதது என இரண்டு. சமாந்தரமே இல்லையாயின் திரபிசாயிட்டு. இந்த ஈற்றுப் பெயர்கள் இரண்டும் பட்டபாடு சொல்லுந்தரமன்று. 1795இல் வெளிவந்த சாள்சு ஹட்டனின் கணித அகராதி அவற்றை இடம் மாற்றிப் போட்டது. பிரித்தானியர் பிற்பாடு பழைய வழக்குக்குத் திரும்பினர், அமெரிக்கர் திரும்பவில்லை. ஆகவே ஒரே சொல் இருநாட்டிலும் ஒன்றுக்கொன்று மாறான பொருளில் வழங்குகிறது. தமிழிலே சரிவகம் என்று சொல்லிவிட்டால் இத்தொல்லை இல்லை. நாம் நாற்பக்கல் என்பதைத் தமிழ்நாட்டார் நாற்கரம் என்பர். அதனால் ஒரு குழப்பமும் நேரவில்லை.

இனிப் பாரத நாட்டுக்கு வருவோம். இங்கே சரிவகம் பிறந்தது வேள்விச்சாலையில். சோமயாகத்துக்குரிய மகாவேதி கிழக்கே 24, மேற்கே 30, நீளம் 36 அலகு கொண்டது. கிறிஸ்துவுக்கு முற்பட்ட ஆபத்தம்ப சுல்வசூத்திரம் அதன் பரப்பு ஆயிரத்துக்கு இருபத்தெட்டுக் குறைவு, அதாவது 972 என்று கூறுவதோடு நில்லாமல், ஏன் அப்படி என்பதையும் காட்டுகிறது. தென்புறத்தில் 3 அலகு அகன்ற முக்கோணியை அரிந்து, திருப்பி, வடபுறத்தில் வை. 27க்கு 36 ஆன செவ்வகம் கிடைக்கும். இது நிறுவல் அன்றி வேறென்ன? நம்மவர் விடையை மட்டும் சொன்னார்கள், காரணம் சொல்லவில்லை என்று கூறுவோர் இதனை ஒருமுறை வரைந்து பார்ப்பாராக.

ஆயினும் பின்வந்த பாரதக் கணிதர் கோணத்தை வைத்து வகுக்கவில்லை. லம்பத்தையும் மூலைவிட்டமாகிய கர்ணத்தையும் கொண்டே அவர்கள் உருவத்தை ஆண்டனர். எத்தனை பக்கம் சமம் என்பதே அவர்கள் வினா. இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தவரான சமண ஆசிரியர் மகாவீரர், 850ஐ ஒட்டி எழுதிய ‘கணிதசாரசங்கிரகம்’ என்னும் நூலில் ஐந்து வகை கூறுகிறார்: நான்கும் சமமான சமம், எதிரெதிர் சமமான துவிதுவிசமம், இரண்டு மட்டும் சமமான துவிசமம், மூன்று சமமான திரிசமம், ஒன்றும் சமமாகாத விஷமம். கிரேக்கர் பட்டியலோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வியப்பு. திரிசமத்துக்குக் கிரேக்கரிடம் பெயரில்லை. சாய்சதுரத்துக்கு இந்த ஐந்தில் தனியிடம் இல்லை. அவரவர் கேட்ட வினாவுக்கே அவரவர்க்கு விடை கிடைத்தது.

இந்த இடைவெளியிலேதான் நம் வரலாற்றின் சிக்கல் கிடக்கிறது. பிரமகுப்தர் 628இல் இயற்றிய ‘பிராஹ்மஸ்புடசித்தாந்தம்’ பன்னிரண்டாம் அத்தியாயத்தில் நாற்பக்கலின் பரப்புக்கு இரு விதி சொல்கிறார். ஒன்று எட்பூக் கோயிலிற் கண்ட அதே விதி. அதனைத் ‘தூலம்’, அதாவது பருமட்டு என்று அவரே தள்ளிவைக்கிறார். மற்றையது நுண்ணிய விதி: சுற்றளவின் பாதியிலிருந்து நான்கு பக்கங்களையும் தனித்தனி கழித்து, வந்த நான்கையும் பெருக்கி, வர்க்கமூலம் காண்க. உலகக் கணிதத்தின் அழகிய விதிகளுள் இது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயின் அது உண்மையாவது நான்கு மூலைகளும் ஒரே வட்டத்திற் படியும் வட்ட நாற்பக்கலுக்கு மட்டுமே. அந்நிபந்தனையை அவர் சொல்லவில்லை. கர்ணங்களுக்கு அவர் தரும் விதிகளும் வட்ட நாற்பக்கலுக்கே பொருந்துவதால், அவர் மனத்திலே வட்டம் இருந்தது என்பதே பொருத்தம். ஆனால் மனத்தில் இருந்தது ஏட்டில் ஏறவில்லை. மகாவீரர் நூலிலும் விதி நிபந்தனையின்றியே வருகிறது.

நம் பனஞ்சலாகைச் சட்டத்துக்கு இவ்விதியைப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சலாகையும் 25 அலகு. சுற்றளவின் பாதி 50, நான்கு முறையும் 25 மிஞ்சும், வர்க்கமூலம் 625. சட்டத்தை எப்படிச் சாய்த்தாலும் அதே 625! இதைத்தான் 1150இல் ‘லீலாவதி’ இயற்றிய இரண்டாம் பாஸ்கரர் பிடித்துக்கொண்டார். 25 பக்கமுடைய அதே உருவத்தை எடுத்து, கர்ணங்கள் 30, 40 ஆனால் பரப்பு 600, 14, 48 ஆனால் 336 என்று காட்டினார். பக்கம் நான்கை மட்டும் சொல்லி, லம்பமோ கர்ணமோ சொல்லாமல், பரப்பு யாது என்று கேட்பவன் பிசாசு. அதற்கு விடை சொல்பவன் அவனிலும் பெரிய பிசாசு என்று ஏசியும் விட்டார். தமக்கு ஐந்நூறு ஆண்டு முந்திய பேராசானின் விதி, முக்கோணிக்குத் தெளிவு, நாற்பக்கலுக்குத் தெளிவின்மை என்று எழுத அவர் அஞ்சவில்லை. நம்மவர் அனைத்தையும் முன்னரே கண்டனர் என்று மேடையில் முழங்குவோரிடம் இந்தப் பாஸ்கரரைக் காண்பதரிது. அவரை விட்டுவிட்டுப் பிரமகுப்தரை மட்டும் புகழ்வது இருவருக்கும் செய்யும் மரியாதையன்று.

பாஸ்கரருக்கும் ஒரு குறை உண்டு. விதி எங்கே பிழைக்கிறது என்று கண்டவர், எங்கே பிழைக்காது என்று தேடவில்லை. அத்தேட்டத்தைப் பின்வந்தோர் செய்தனர். நாராயண பண்டிதர் 1356இல் எழுதிய ‘கணிதகௌமுதி’யிலே, வட்டத்துள் அமைந்த நாற்பக்கலின் இரு பக்கங்களை இடம் மாற்றிவைத்தால் மூன்றாம் கர்ணம் ஒன்று பிறக்கும் என்று கூறினார். கேரளத்துப் பரமேசுவரர் பதினைந்தாம் நூற்றாண்டிலே நான்கு பக்கங்களிலிருந்து அவ்வட்டத்தின் ஆரையைக் காணும் விதி தந்தார்; ஐரோப்பாவில் அதனை லூலியே வெளியிட்டது 1782இல். 1530ஐ ஒட்டி ஜேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷை’யில் பிரமகுப்தர் விதிக்கு முழு நிறுவலும் இருக்கிறது, வட்டம் என்ற நிபந்தனையுடன். அது சமஸ்கிருதத்திலன்று, மலையாளத்தில் எழுதப்பட்டது என்பதைத் தாய்மொழியிற் கணிதம் எழுத ஏலாது என்போர் காதில் மெல்லப் போட்டுவைக்கலாம்.

பக்கமும் கோணமும் ஒரே விதியிற் கைகோத்தது 1842இல், ஜெர்மனியிலே பிறெட்சினைடர் கையால். பிரமகுப்தர் பெருக்கிய பெருக்கத்திலிருந்து, நான்கு பக்கங்களின் பெருக்கத்தை எதிர்க்கோணங்களின் கூட்டுத்தொகைப் பாதியின் கோசைன் வர்க்கத்தாற் பெருக்கிக் கழித்து, வர்க்கமூலம் காண்க என்பது அவர் விதி. எதிர்க்கோணங்கள் கூடி 180 பாகையானால், அதாவது மூலைகள் வட்டத்திற் படிந்தால், கழிபடும் பங்கு பூச்சியமாகிப் பிரமகுப்தர் விதி அப்படியே நிற்கும். பாஸ்கரரின் 14, 48 கர்ணமுள்ள சாய்சதுரத்திலோ கழிபடுவது 527இன் வர்க்கம். 625இன் வர்க்கம் 3,90,625. அதில் 2,77,729 போக எஞ்சுவது 1,12,896. அதன் மூலம் 336.