சுண்ணாம்பில் நின்ற நகரம்

சமையலறையில் பதிக்கும் கறுப்புக் கடப்பைக் கல்லும், வெற்றிலையில் தடவும் வெள்ளைச் சுண்ணாம்பும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. இரண்டுக்கும் மூலம் கால்சியம் கார்பனேட் என்னும் பொருளே. எகிப்தின் பெரிய பிரமிடுகளில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்தான். நியூயார்க்கில் 1931-ல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் வெளிப்புறத்தைப் போர்த்தியிருப்பதும் அதே வகைக் கல்.

திருவனந்தபுரத்தில் கருங்கல்லும் வெட்டுக்கல்லும் தாராளம்; சுண்ணாம்புப் பாறையோ அரிது. ஆயினும் இந்நகரின் பழைய கட்டடங்கள் சுண்ணாம்பை நம்பியே எழுந்தன. மலை தராததைத் தண்ணீர் தந்தது. கடற்கரைக் கிளிஞ்சலும், காயல்களில் கிடைக்கும் 'கக்கா' என்ற சிப்பியும் இப்பகுதியின் சுண்ணாம்புச் சுரங்கங்களாக இருந்தன.

கிளிஞ்சலைக் காளவாயில் இட்டு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் சூட்டில் எரித்தால் கரியமில வாயு பிரிந்துவிடும். கணக்குப்படி, 100 கிலோ சுத்தமான கால்சியம் கார்பனேட்டில் 44 கிலோ வாயுவாகப் போய், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். அதில் தண்ணீர் விட்டால் கொதித்து நீறும். மணலுடன் சேர்த்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு நன்றாக அரைத்தால் காரை தயார். மலையாளத்தில் இதற்குக் கும்மாயம் என்று பெயர். சுவரில் பூசிய காரை, இழந்த கரியமில வாயுவைக் காற்றிலிருந்து சிறிது சிறிதாகத் திரும்பப் பெற்று மீண்டும் கல்லாகிறது.

போர்ட்லண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்றது 1824-ல். நம் நாட்டில் சிமென்ட் தயாரிக்கும் ஆரம்ப முயற்சிகளில் ஒன்று சென்னையில் 1904-ல் நடந்தது. சுவாதித் திருநாள் மகாராஜா கட்டிய குதிரைமாளிகை, 1869-ல் முடிந்த தலைமைச் செயலகம், 1880-ல் முடிந்த நேப்பியர் மியூசியம் ஆகியவை அதற்கும் முந்தியவை. அக்காலக் கொத்தனாருக்குக் காரைதான் கைகண்ட பொருள். பழைய தலைநகரான பத்மநாபபுரம் அரண்மனையில் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்புத் தரையும் சுண்ணாம்புடன் கொட்டாங்கச்சிக் கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவை சேர்த்து இழைத்தது என்பர். கோட்டைக்குள்ளும் கரமனையிலும் வலியசாலையிலும் நம் முன்னோர் வாழ்ந்த அக்கிரகார வீடுகளும் இந்த மரபில் வந்தவையே.

சிமென்டின் கதையும் சுண்ணாம்புக்கல்லில்தான் தொடங்குகிறது. அதைக் களிமண்ணோடு ஏறத்தாழ 1,450 டிகிரியில் சுட்டுப் பெறுவதே சிமென்ட். திருநெல்வேலி அருகே தாழையூத்தில் இந்தியா சிமென்ட்ஸ் ஆலை 1949-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கோட்டயம் அருகே நாட்டகத்தில் வேம்பநாட்டுக் காயல் சிப்பியே வெள்ளைச் சிமென்டாக மாறியது. காரை இறுக நாளாகும். பக்குவம் தெரிந்த ஆள் வேண்டும். சிமென்டோ சீக்கிரம் இறுகும், பலமும் அதிகம். காளவாய்கள் அணைந்ததில் வியப்பில்லை.

ஆனால் பேரனைத் தாத்தாவின் தோளில் ஏற்றும்போது எடை பார்க்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு பருவமழை காணும் ஊர் இது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். காரைப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. ஈரம் அவற்றின் வழியே வெளியேறிவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். நீரில் கரைந்துள்ள உப்பு சுவருக்குள் படிகமாகி, செங்கல்லையும் வெட்டுக்கல்லையும் பொடியாக்கும். வெளியே பூச்சு உறுதியாகத் தெரியும். உள்ளே சுவர் உளுத்துக்கொண்டிருக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெயிண்டும் ஏறக்குறைய இதே தீங்கைச் செய்யும்.

வெவ்வேறு நகரங்களில் வாழும் நம் உறுப்பினர்களிடம் பூர்விக வீட்டின் மராமத்துக்கோ, கிராமத்துக் கோயில் திருப்பணிக்கோ பணம் கேட்டு அடிக்கடி கடிதம் வருகிறது. நாமும் மனமுவந்து அனுப்புகிறோம். அனுப்புமுன் ஒரு கேள்வி கேட்டால் நல்லது: "சுவர் காரையா, சிமென்டா?" பழைய பூச்சை ஆணியால் கீறினால் வெள்ளைப் பொடி எளிதில் உதிருமானால் அது பெரும்பாலும் காரையே. அனுபவமுள்ளவரிடம் உறுதி செய்துகொண்டு, காரைச் சுவருக்குக் காரையே பூசச் சொல்லுங்கள். மேலே சுண்ணாம்பே அடிக்கச் சொல்லுங்கள். புதிதாகக் கட்டும் பகுதிக்குச் சிமென்ட் இருக்கட்டும். செலவும் நாளும் சற்றுக் கூடலாம். முன்னோர் கட்டியது பேரன் பேத்திகள் காலத்திலும் நிற்க வேண்டுமென்றால் அது தண்டச் செலவு ஆகாது.