உடன்பயின்றோர் எழுதும் வரலாறு

தமிழ் மரபில் உடன்பயின்றவர்க்குத் தனியிடம் உண்டு. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் செய்யத் தகுதியுடையார் யாவர் எனக் கூறவந்த நன்னூல், நூலாசிரியனுடைய ஆசிரியன், அவனோடு கற்றவன், அவனுடைய மாணாக்கன், உரைகாரன் ஆகிய நால்வரைச் சுட்டுகிறது. தொல்காப்பியத்துக்குப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. ஒருவனை உள்ளவாறு அறிந்து கூறுதற்கு உடன்கற்றவன் தக்க சான்றாவான் என்று நம் முன்னோர் கருதினர் என்பது இதனால் விளங்கும்.

ஒரு நூலுக்குப் பொருந்தும் இக்கருத்து ஒரு பள்ளிக்கும் பொருந்தும். மலாயாத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்றை அரசாங்க அறிக்கைகள் ஒருவாறு கூறும். ஆயினும் அப்பள்ளிகளின் உள்வரலாற்றைக் கூற வல்லவர்கள் அவற்றில் ஒருங்கே அமர்ந்து படித்தவர்களே. அவர்கள் இன்று சிதறிக் கிடக்கின்றனர். அவர்களை மீண்டும் ஒன்றுகூட்டும் ஆற்றல் எழுத்துக்கு உண்டு. அவ்வாறு கூடி எழுதுவதே அப்பள்ளிகளுக்கு வரலாறாக நிலைக்கும்.

ஒரு முன்மாதிரி

டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் இறுதிக் காலத்தில் எழுதிய 'என் சரித்திரம்' 1940-ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடர்ந்து வெளிவந்தது. 1942-இல் அவர் மறைந்தமையால் அது முற்றுப்பெறாது நின்றது. 1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்த காலத்து நிகழ்ச்சிகளை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் அவர் அந்நூலில் நினைவுகூர்கிறார். ஆசிரியரைப் பற்றி மட்டும் அவர் எழுதவில்லை. உடன்பயின்ற சவேரிநாத பிள்ளை முதலியோரையும் நம் கண்முன் நிறுத்துகிறார். சைவ மடத்தைச் சார்ந்து வாழ்ந்த ஒரு புலவரிடம் கிறித்தவர் ஒருவர் அன்புக்குரிய மாணாக்கராய் விளங்கினார் என்னும் செய்தி, அக்காலக் கல்வியுலகின் இயல்பை நமக்கு உணர்த்துகிறது. உடன்பயின்ற ஒருவர் எழுதி வைத்தமையால் அன்றோ அது நமக்குக் கிட்டிற்று? புலமை வரலாறு எனப் போற்றப்படும் அந்நூல், பிரிந்துபோன தோழர்களை எழுத்தில் மீண்டும் கூட்டிய நூலுமாகும்.

தோட்டப் பள்ளியின் தோற்றம்

இந்நாட்டில் தமிழ்க்கல்வி 1816-இல் பினாங்கில் தொடங்கப்பெற்ற ஃப்ரீ ஸ்கூலின் தமிழ் வகுப்போடு தோன்றியது என்பர். ஆயினும் தமிழ்ப்பள்ளிகள் நாடெங்கும் பரவியதற்குக் காரணம் ரப்பர்த் தோட்டங்களேயாம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் நிர்வாகமே பள்ளி அமைக்கவேண்டும் என்னும் கருத்தை 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கொண்டிருந்தது. சட்டத்துக்காகவே திறக்கப்பட்ட பள்ளிகளும் உண்டு; பிள்ளைகள் மீது அன்புகொண்ட ஆசிரியரால் உயர்ந்த பள்ளிகளும் உண்டு. தொடக்கக் காலத்தில் கங்காணியோ கிராணியோ ஓய்ந்த வேளையில் எழுத்தறிவித்ததும் உண்டு. ஒரே கூரையின்கீழ்ப் பல வகுப்புகள். அனைத்துக்கும் ஆசிரியர் ஒருவர். பெற்றோர் விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, பால்வாளியுடன் வெட்டுக்குப் போய்விடுவர். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையிலும் சற்று வளர்ந்தோர் பள்ளிக்கூடத்திலும் இருப்பர். லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்து, ஒரே கொட்டகையில் வளர்ந்து, ஒரே பலகையில் அமர்ந்து படித்தோரின் உறவு, நகரத்துப் பள்ளித் தோழமையினும் நெருக்கமானது. அவர்களுக்குத் தோழன் என்பவன் உடன்பிறவா உடன்பிறப்பே.

நான்கு பிரிவுகள்

இத்துணை நெருங்கியிருந்தோர் எவ்வாறு பிரிந்தனர்? அதுவே மலாயாத் தமிழர் வரலாற்றின் ஒரு பெரும்பகுதி.

முதற்பிரிவு போர்க்காலத்தது. 1942 முதல் 1945 வரை நிகழ்ந்த ஜப்பானியர் ஆட்சியில், சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்கெனத் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கொண்டுசெல்லப்பட்டனர், மீளாதோர் பலர். தந்தையை இழந்த பிள்ளைகள் பலகையை விட்டுப் பால்காட்டுக்குச் சென்றனர். அக்கொடுமையைப் பொருளாகக் கொண்ட ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் நூலாக வெளிவந்த ஆண்டு 1993. நிகழ்ச்சிக்கும் எழுத்துக்கும் இடையே அரை நூற்றாண்டு கழிந்துவிட்டது. அவ்விடைவெளியில் சொல்லாமலே மறைந்த வாய்கள் எத்தனையோ!

இரண்டாம் பிரிவு துண்டாடலால் நேர்ந்தது. 1950-களிலும் 1960-களிலும் பெருந்தோட்டங்கள் பலவற்றை அவற்றின் உடைமையாளர் கூறுபோட்டு விற்றனர். வேலையும் வீடும் ஒருங்கே இழந்த குடும்பங்கள் வேறு தோட்டங்களை நாடிச் சென்றன. இந்நிலையைத் தடுக்கும் நோக்குடன் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றித் தொழிலாளர் பணத்தைக்கொண்டே தோட்டங்களை வாங்கிற்று. ஆயினும் அதற்கு முன்பே கலைந்த வகுப்புகள் கலைந்தவையே.

மூன்றாம் பிரிவு குடியுரிமையால் வந்தது. 1968-ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பயனாக, குடியுரிமை பெறாதோர் வேலை அனுமதிச் சீட்டுப் பெறவேண்டியவராயினர். சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த பெற்றோர் பல்லாயிரவர், 1969-ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழகம் திரும்பினர். மலாயாவிலேயே பிறந்து, தமிழகத்தைப் பாடநூற்படத்தில் மட்டும் கண்ட பிள்ளைகள் 'ரஜூலா' போன்ற கப்பல்களில் ஏற்றப்பட்டனர். வகுப்பில் ஓர் இடம் வெறுமையாயிற்று. போன தோழனின் ஊர்ப்பெயர் தெரியும், முகவரி தெரியாது.

நான்காம் பிரிவு நாட்டின் வளர்ச்சியோடு வந்தது. ரப்பர் மரம் சாய்ந்து செம்பனை எழுந்தது. பின்னர்ச் செம்பனையும் சாய்ந்து நகரம் எழுந்தது. முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆங்கிலேய அதிகாரிகள் 1921-இல் உண்டாக்கிய பிராங் பெசார்த் தோட்டம், 1990-களில் புத்ராஜெயா நகரத்துக்கு இடந்தந்தது. அத்தோட்டத்தையும் அதனை அடுத்திருந்த தோட்டங்களையும் சார்ந்த குடும்பங்கள் டிங்கிலில் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன.

விடுதலை பெற்ற 1957-ஆம் ஆண்டில் 800-க்கு மேற்பட்டிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 530 அளவில் உள்ளன. எஞ்சியவற்றுள்ளும் பல இடம் பெயர்ந்தவை. வீடமைப்புப் பகுதியின் நடுவே நிற்கும் ஒரு பள்ளியின் பெயர்ப்பலகையில், இன்று இல்லாத ஒரு தோட்டத்தின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அங்குப் பயிலும் சிறுவன் அப்பெயரின் பொருளை அறியான்.

சிங்கப்பூரிலும் இதனை ஒத்த நிலையைக் காணலாம். கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946-இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960-இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, 1982-இல் மூடப்பட்டது. அதன் பின் அப்பள்ளிக்குப் புது மாணவர் இலர். பழைய மாணவர் தொகை இனிக் குறையுமேயன்றிக் கூடாது.

ஏடுகள் கூறாதவை

தோட்ட அலுவலகத்தில் கணக்குகள் இருந்தன. எத்தனை ஆள், எத்தனை ராத்தல் பால், என்ன கூலி என்பன அவற்றில் இருக்கும். மாணவன் எவனோடு அமர்ந்தான், எப்பாடத்தில் மகிழ்ந்தான், எந்நாள் பசியோடு வந்தான் என்பன இரா. பள்ளிகள் வெளியிடும் ஆண்டு விழா மலர்களைப் புரட்டினால், தலைவர்களின் வாழ்த்துரைகளும் கட்டட நிதிக் கணக்கும் முன்னே நிற்கும். முன்னாள் மாணவர் நினைவுகள் ஒன்றிரண்டு பக்கங்களில் ஒதுங்கியிருக்கும். மலரின் உயிர் அவ்வொன்றிரண்டு பக்கங்களிலேதான் உள்ளது என்பதை நாம் இன்னும் உணர்ந்தோமில்லை.

பெயர்களைத் தாங்கிய கருவிகள்

பிரிந்தோர் ஒருவரையொருவர் தேடுதற்கு நம்மிடையே வழிகள் இல்லாமல் இல்லை. 1924-இல் தோன்றி 2019 வரை வெளிவந்த தமிழ் நேசனும், 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும், மாணவர் எழுத்துக்கு இடமளித்தன. 1950-களில் தமிழ் முரசு நடத்திய மாணவர் மணிமன்றம், எழுதும் பிள்ளைகளை ஊர் கடந்து இணைத்தது. வானொலியின் நேயர் விருப்பத்தில் பாடலுக்கு முன் தோட்டத்தின் பெயரும் நேயர் பெயரும் ஒலிக்கும். அடுத்த மாநிலத்தில் இருந்த தோழன் அதைக் கேட்டு, நண்பன் உளன் என்று அறிந்து மகிழ்ந்த காலம் அது. இன்றும் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் வருவோர் உளர். ஆயினும் திருவிழாவிற் கண்ட முகம் மாலைக்குள் மறையும். எழுதப்பட்ட பெயர் நிற்கும்.

நினைவு நினைவை அழைத்தல்

எழுத்து எவ்வாறு கூட்டுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒருவர், பள்ளியின் முன் தொங்கிய தண்டவாளத் துண்டே எங்களுக்கு மணி என்று எழுதுகிறார் என்று கொள்வோம். அதனைப் படித்த மற்றொருவர், அதே இரும்புதான் விடியற்காலையில் பிரட்டுக்கும் அடிக்கப்பட்டது என்று சேர்க்கிறார். மூன்றாமவர், இல்லை, பிரட்டுக்கு வேறு மணி. பள்ளி மணியைத் தட்டும் உரிமை மாணவர் தலைவனுக்கே உரியது என்று மறுக்கிறார். அம்மாணவர் தலைவன் யார் என்ற வினா எழுகிறது. அவன் பெயர் கிடைக்கிறது. அவன் இருக்கும் ஊரும் கிடைக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பேசாதிருந்தோர் ஓர் இரும்புத் துண்டின் பொருட்டு மீண்டும் பேசத் தொடங்குகின்றனர்!

இதில் இரு பயன்கள் உள. அறுந்த நட்பு மீண்டும் தளிர்க்கிறது. அதனோடு ஒருவர் நினைவை மற்றொருவர் நினைவு திருத்துவதால் உண்மையும் தெளிவடைகிறது. தனியொருவர் தன் வாழ்க்கையை எழுதும்போது அவரைத் திருத்துவார் இலர். உடன்பயின்றோர் கூடி எழுதும்போது ஒவ்வொருவரும் மற்றவர்க்கு உரையாசிரியர் ஆகின்றனர்.

எச்சரிக்கைகள் சில

பழமையை நினைக்கும் மனம் இனிமையையே நாடும். பால்காட்டு நிழலும் ஆற்றுக் குளியலும் எளிதில் எழுதப்படும். பசியும் அவமானமும் எளிதில் எழுதப்படா. ஆறாம் வகுப்போடு நின்றவர் எத்தனை பேர்? இடைநிலைப் பள்ளியின் புகுமுக வகுப்பிற் சேர்ந்தும் மொழி விளங்காது திரும்பியவர் எத்தனை பேர்? தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலே நிறுத்தப்பட்ட பெண்பிள்ளைகள் எத்தனை பேர்? லயத்தில் நிலவிய சாதி வேற்றுமை வகுப்பறைக்குள் நுழைந்ததா, வாயிலிலே நின்றதா? இவற்றை எழுதாத நினைவு பாதி நினைவே.

எழுதவல்லோர் மட்டும் எழுதினால், படித்து முன்னேறியவர்களின் வரலாறே எஞ்சும். பாதியில் நின்ற தோழனும் அதே வகுப்பில் அமர்ந்திருந்தவனே. மணமாகி வேற்றூர் சென்று, கணவன் பெயரால் மட்டும் அறியப்படும் தோழியும் அவ்வகுப்பின் மாணவியே. அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்லச் சொல்ல அவர்கள் நடையிலேயே எழுதிக்கொள்ளுதல் வேண்டும். நிரை, மங்கு, ஒட்டுப்பால் முதலிய தோட்டத்துச் சொற்கள் அவர்கள் வாயில் உயிரோடு உள்ளன. அவற்றை இலக்கணம் நோக்கி மாற்றிவிடலாகாது. பிறர் மானத்துக்கு ஊறு செய்யும் செய்திகளைப் பெயர் சுட்டாது எழுதுதலும் பண்பாகும்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தமிழாசிரியர்கள் இப்பணியைத் தொடங்க மிகவும் தகுதியுடையவர்கள். கட்டுரைப் பாடத்தில் 'நான் ஒரு குடை' என்று எழுதப் பழகும் மாணவன், தன் பாட்டனார் படித்த பள்ளியைப் பற்றி அவரைக் கேட்டு ஒரு பக்கம் எழுதலாம். பள்ளியின் பெயர், தோட்டத்தின் பெயர், படித்த ஆண்டுகள், ஆசிரியர் பெயர், உடன்பயின்றோர் ஐவர் பெயர் ஆகியவற்றைக் கேட்டறிந்தாலே போதும். ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இவ்வாறு எழுதினால் நூற்றைம்பது பெயர்கள் திரளும். அவற்றுள் இருவர் ஒருவரையொருவர் குறிப்பிட்டிருப்பின், அங்கே ஒரு சந்திப்பு நிகழக் காத்திருக்கிறது. அப்பக்கங்களைப் பள்ளி நூலகத்தில் தொகுத்து வைத்தால் அதுவே அடுத்த மலருக்கு அடிப்படையாகும். முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆண்டுக்கொரு விருந்தோடு நில்லாமல், ஆண்டுக்கொரு தொகுப்பேனும் வெளியிடலாம்.

காலம் நமக்காகக் காத்திராது. 1943-இல் பத்து வயதுச் சிறுவராய் இருந்தோர் இன்று 90-ஐக் கடந்தவர்கள். துண்டாடலின்போது பள்ளி மாறிய பிள்ளைகள் எழுபதையும் எண்பதையும் தொட்டுவிட்டனர். கப்பலேறிய தோழரைத் துறைமுகத்தில் நின்று வழியனுப்பியோரும் முதுமையடைந்துவிட்டனர். பெயரைச் சொன்னால் முகம் நினைவுக்கு வரும் ஒருவர் உயிரோடுள்ளவரை அவ்வகுப்பு கலைந்ததாகாது. அவர் சொல்வதை ஏட்டில் எழுதிக்கொண்டால், அவருக்குப் பின்னும் அது கலையாது. தொல்காப்பியர்க்குப் பனம்பாரனார் வாய்த்தார். நம் தோட்டப் பள்ளிகளுக்கும் அவற்றின் ஒருசாலை மாணாக்கர் பாயிரம் எழுதுவாராக!