சோட்டா நாகபுரியில் மண்ணும் மரபும்

சட்டம் ஏட்டில் ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே, தம்மைத் தாமே ஆண்டுகொள்ள நெறிகள் வகுத்துக்கொண்ட மக்கள் நம் நாட்டில் பலர். நம்மவர் பலர் தொழில் நிமித்தம் குடியேறியுள்ள ராஞ்சியைச் சூழ்ந்த சோட்டா நாகபுரிப் பீடபூமியில் வாழும் முண்டாக்கள் அத்தகையோர். அவர்களது நில வழக்கத்தைச் சிறிது நோக்குவோம்.

காட்டைத் திருத்தி ஊரை முதலில் நிறுவிய குலத்தாருக்கே அவ்வூரின் நிலமும் காடும் உரியன. இதற்குக் கூண்ட்கட்டி உரிமை என்று பெயர். குடும்பங்கள் தத்தம் வயலை உழுது பயன் கொள்ளலாம். அயலாருக்கு விற்றல் ஆகாது. ஊர்த் தலைவர் முண்டா எனவும், பல ஊர்களுக்குத் தலைவர் மான்கி எனவும் வழங்கப்பெற்றனர். குலத்து முன்னோரின் எலும்புகளை அடக்கி மேலே பரப்பும் சாசன்திரி என்னும் கற்பலகைகளே அவர்களுக்கு உரிமைப் பட்டயம். காட்டை வெட்டுகையில் தெய்வங்களுக்கென ஒரு சால் மரத் தோப்பை விட்டுவைத்தனர். அதுவே சர்னா. அங்கு மரம் வெட்டுவது குற்றம்.

இந்நெறியில் ஜனத்தொகைக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. குலம் பெருகி நிலம் போதாதபோது ஒரு கிளையினர் புறப்பட்டு, அப்பாலுள்ள காட்டைத் திருத்திப் புதிய ஊர் கண்டனர். பழைய ஊரின் வயலும் காடும் தாங்கும் அளவுக்கு மேல் பாரம் ஏறவில்லை. ஆனால் திருத்துவதற்குக் காடு எஞ்சியிருக்கும் வரையில்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும் என்பது வெளிப்படை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழி அடைபட்டது. ஜமீன்தார்களும் லேவாதேவிக்காரர்களும் நிலத்தைக் கைப்பற்றினர். 1831-32இல் கோல் கிளர்ச்சி மூண்டது. 1878ஆம் ஆண்டு வனச் சட்டத்தின் கீழ்க் காடுகளைச் சர்க்கார் ஒதுக்கிக்கொள்ளலாயிற்று. பிழைப்புத் தேடி ஆயிரக்கணக்கானோர் அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றனர். வேற்றூரில் இறந்தவரின் எலும்பையும் பூர்வீக ஊர்க் கல்லின் கீழ்ச் சேர்க்கும் வழக்கமுடைய மக்களுக்கு இப்பிரிவு எத்தகையது என்பதை, ஊரை விட்டு வந்து வாழும் நாம் எளிதில் உணரலாம்.

பிர்சா முண்டா தலைமையில் 1899-1900இல் எழுந்த கிளர்ச்சி அடக்கப்பட்டது. அவர் 1900 ஜூன் 9 அன்று ராஞ்சிச் சிறையில் உயிர் நீத்தார். எனினும் அக்கிளர்ச்சி வீண்போகவில்லை. 1908ஆம் ஆண்டு சோட்டா நாகபுரிக் குத்தகைச் சட்டம் கூண்ட்கட்டி உரிமையை ஏற்று, ஆதிவாசி நிலம் பிறர் கைக்கு மாறுவதைக் கட்டுப்படுத்தியது. 2000இல் ஜார்க்கண்ட் மாநிலம் அமைந்த பின்னரும் அச்சட்டம் அங்கு நின்று நிலவுகிறது.

மரபு முற்றும் குறையற்றதன்று. நிலம் ஆண்வழியே செல்வது அதன் விதி. இதனை எதிர்த்த வழக்கில், பிழைப்புக்கு அந்நிலத்தையே நம்பியுள்ள பெண்களை அதிலிருந்து வெளியேற்றலாகாது என 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1908ஆம் ஆண்டுச் சட்டம் நிலத்தைக் காக்க முற்பட்டது. மக்கள் பெருகியபோது செல்வதற்கு இருந்த காட்டை அதனால் மீட்டுத்தர இயலவில்லை. ஆகவே, ஒரு சமூகத்தின் நிலவழக்கில் கைவைக்கும் முன், அவ்வழக்கு எத்தனை பேருக்குச் சோறிட்டு வந்தது என்பதை ஆராய்தல் ஆள்வோர் கடமையாகும்.