திருப்பி வாங்கிய கடிதங்கள்

1643 மே மாதம் ஹாலந்தின் த ஹேக் நகரிலிருந்து தத்துவஞானி ரெனே டெக்கார்ட்டுக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவர் 24 வயதான பொஹீமிய இளவரசி எலிசபெத். தந்தை அரியணை இழந்ததால் குடும்பமே அங்கே அடைக்கலம் புகுந்திருந்தது. அவர் கேட்டது இதுதான்: ஒன்றை அசைக்க அதைத் தொட வேண்டும், தொடுவதற்கு உருவம் வேண்டும், உருவமே இல்லாத ஆன்மா உடலை எப்படி அசைக்கிறது? ஹிப்போக்ரட்டீஸின் மருத்துவ உறுதிமொழியை நினைவூட்டி, இதை வெளியே விடாதீர்கள் என்றும் கேட்டுக்கொண்டார்.

டெக்கார்ட்டின் பதில் அவருக்குப் போதவில்லை. மீண்டும் கேட்டார். அடுத்த ஆறேழு ஆண்டுகளில் விதி, சுதந்திரம், செனக்கா, பிரார்த்தனை, மனத்துயரால் வரும் உடல்நோய் என்று பேச்சு விரிந்தது. 1646இல் எலிசபெத் பிராண்டன்பர்க் பகுதிக்குப் போக நேர்ந்தபோதும் கடிதங்கள் நிற்கவில்லை. உணர்ச்சிகளைப் பற்றி டெக்கார்ட் 1649இல் வெளியிட்ட நூலே இந்த விவாதத்தில் முளைத்ததுதான்.

1650 பிப்ரவரியில் டெக்கார்ட் ஸ்டாக்ஹோமில் இறந்தார். பிரெஞ்சுத் தூதர் ஷானு அவருடைய காகிதங்களில் இளவரசியின் கடிதங்களைக் கண்டு, வெளியிட அனுமதி கேட்டார். எலிசபெத் மறுத்து, கடிதங்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மற்ற காகிதங்கள் பாரிஸ் போகும் வழியில் சேன் ஆற்றில் மூழ்கி, மீட்டு உலர்த்தப்பட்டன. 1657இல் டெக்கார்ட்டின் கடிதத் தொகுப்பு அச்சேறியபோது அவர் இளவரசிக்கு எழுதியவை அதில் இருந்தன, இளவரசி எழுதியவை இல்லை.

எலிசபெத் பிற்காலத்தில் ஜெர்மனியின் ஹெர்ஃபோர்ட் மடத்தின் தலைவியாகி, துரத்தப்பட்ட மதக்குழுவினருக்கு அங்கே இடம் கொடுத்து, 1680இல் மறைந்தார். அவர் எழுதிய கடிதங்களின் பிரதிகளோ ஆர்ன்ஹெம் அருகே ரோசெண்டால் கோட்டையில் கிடந்தன. பழம்புத்தக வியாபாரி ஒருவர் கண்ணில் பட்டு, 1879இல் ஃபூஷே டெ கரேய் பதிப்பில் அவை வெளிவந்தன.

இடைப்பட்ட 222 ஆண்டுகள் உலகம் பதில்களை மட்டுமே படித்தது. அந்தப் பதில்களில் எலிசபெத் ஆசானிடம் பாடம் கேட்கும் அரச மாணவியாகத் தெரிந்தார். கேள்விகள் வந்து சேர்ந்த பிறகுதான், ஆசானை மடக்கி மறுபடி யோசிக்க வைத்தவர் அவரே என்று புரிந்தது. மனமும் உடலும் பற்றிய பாடத்தில் அவர் கேள்வியைத் தாண்டாமல் இன்று டெக்கார்ட்டைப் படிக்க முடியாது. அவர் விருப்பத்தை மீறித்தான் அவருக்கு இந்த இடம் கிடைத்தது.