மயிலையில் ஒரு நாள்

சோழமண்டலக் கரையோரமாய்த் தரங்கம்பாடிக்கு வரலாற்றுச் சுற்றுலா வகுக்கும் நம் மாணவர் குழுக்கள் மயிலாப்பூரைப் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடுகின்றன. 1706-இல் சீகன்பால்க் ஐயர் வந்திறங்கியதோடுதான் நம் வரலாறு தொடங்கிற்று என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். ஒரு முழு நாளேனும் இங்குத் தங்கவேண்டும் என்போம்.

சாந்தோம் பேராலயத்தின் இன்றைய கட்டடம் 1896-இல் முடிவுற்றதே. பழமையைத் தேடுவோர் பறங்கிமலை ஏறவேண்டும். 1547-இல் போர்த்துக்கீசியர் அங்குக் கண்டெடுத்த கற்சிலுவையில் பஹ்லவி எழுத்துக்கள் உள்ளன. தோமாவின் வருகையை அக்கல் மெய்ப்பிக்காது. ஆயினும் போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே பாரசீகத் தொடர்புடைய கிறிஸ்தவர் இக்கரையில் வழிபட்டனர் என்பதற்கு அது சான்று.

கபாலீசுவரர் கோயிலுக்கும் செல்லுதல் நன்று. முன்பு கடலோரம் நின்ற அக்கோயில் போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்ததென்பர். சாந்தோம் பேராலய வளாகத்தில் சோழர் காலக் கல்வெட்டுத் துண்டும் கிடைத்துள்ளது. உடன்செல்லும் ஆசிரியர் இதனை மறையாது சொல்லட்டும். தரங்கம்பாடிக்கு மறுநாள் போகலாம்.