தரிசென்று எழுதப்பட்ட நிலம்

கானமயிலின் அழிவைப் பேசுவோர் வேட்டையிலிருந்தே தொடங்குவர். ஆங்கில அதிகாரிகளும் சமஸ்தான மன்னர்களும் அதை விரும்பிச் சுட்டனர் என்பது உண்மையே. ஆயினும் துப்பாக்கியைக் காட்டிலும் நெடுங்காலம் அதைத் துரத்தியது, வருவாய்த்துறை ஏடுகளில் இடம்பெற்ற 'தரிசு' என்ற சொல்லே எனத் தோன்றுகிறது.

பறக்கக்கூடிய பறவைகளுள் மிகக் கனமானவற்றில் ஒன்று கானமயில். ஆண் பறவை 15 கிலோ வரை எடையுள்ளது. பெண் பறவை கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையில், பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். மண்ணோடு இயைந்த நிறமும், பகையைத் தொலைவிலேயே காட்டிக்கொடுக்கும் திறந்தவெளியுமே அம்முட்டைக்குக் காவல். பஞ்சாபிலிருந்து தமிழகம் வரை ஒருகாலத்தில் அத்தகைய வெளிகள் இருந்தன.

நிலவரி கணக்கிட்ட கண்ணுக்கு அவை வருவாய் தராத வீண் நிலங்கள். விடுதலைக்குப் பின்னும் அந்தக் கண் மாறவில்லை. நீர் வந்த இடங்களில் புல்வெளி உழப்பட்டது. வராத இடங்கள் பலவற்றில் நன்மை செய்வதாக எண்ணியே மரங்கள் நடப்பட்டன. சாலிம் அலி இப்பறவையைத் தேசியப் பறவையாக்க விரும்பினார்; 1963-இல் அப்பெருமை மயிலுக்குச் சென்றது.

பாதுகாப்பின் வரலாறும் எளியதன்று. மத்தியப் பிரதேசத்தின் கரேராவில் 1981-இல் கானமயிலுக்கெனச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் எல்லைக்குள் மக்களின் பட்டா நிலங்களும் அடங்கின. அவற்றை விற்க இயலாமல் போயிற்று. பெருகிய வெளிமான்கள் பயிரை மேய்ந்தன. பறவையின்மீது இருந்த பரிவு பகையாயிற்று. 1990களின் நடுப்பகுதிக்குள் கானமயில் அங்கிருந்து மறைந்தது. பறவையில்லாத சரணாலயம் மேலும் கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்து, 2022-இல் நீக்கப்பட்டது.

இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ நூற்றைம்பது. பெரும்பாலும் ராஜஸ்தானின் தார் பகுதியில். அந்நிலத்திலும் காற்றாலைகளும் சூரிய மின்நிலையங்களும் எழுந்துள்ளன. நேர்முன்னே உள்ளதைக் காண்பதில் குறைபாடுள்ள இப்பறவை மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்குமாறு 2021-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2024-இல் அவ்வாணையைத் தளர்த்தி, வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது.

ஜெய்சால்மர் மாவட்ட இனப்பெருக்க மையங்களில் இப்போது குஞ்சுகள் வளர்கின்றன. 2024-இல் செயற்கைக் கருவூட்டலிலும் ஒரு குஞ்சு பிறந்தது. அறிவியல் தன் பங்கைச் செய்துவிட்டது. அக்குஞ்சுகளை விடுவதற்கு ஒரு வெளி வேண்டும். அதற்கு முதலில் அவ்வெளியைத் தரிசு என்று எழுதும் பழக்கம் ஒழிய வேண்டும்.